சந்தீப்புக்குக் கொடுத்த ஐந்நூறு ரூபாய்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
ஆடி முதல் வெள்ளி

சௌபாக்கியவதி ரோஹிணிக்கு அம்மா பாகீரதி மனதார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை ஜெய்ராமும் குழந்தை மதுவும் கால்கரியில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். மழை பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது, நம் சந்தில் கணுக்கால் வரை தண்ணீர், வேலைக்கு வருகிறவள் பாதி நாள் வருவதில்லை. விழுந்ததற்குப் பிறகு நடக்கவே பயந்த அப்பாவை ஃபிசியோதெரபிக்காரர் இப்போது வாக்கரோடு பால்கனி வரை நடக்க விடுகிறார். பக்கவாதம் வந்த வலது கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, பேச்சும் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் வருவதில்லை. கீழ் வீட்டு போஸ் பௌதிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரித்தாள்.

இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் நீ பதில் சொல்லிவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ, "அதான் சந்தீப்புக்கு வேலை திரும்பக் கிடைச்சாச்சேம்மா, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கே? இனிமே யார் வந்தாலும் ஒரு பைசா குடுக்காதே, உன் ஃபோன்லேருந்து யாருக்கும் பணம் போகாதபடி நானே நிறுத்திடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். நடந்ததை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய். முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சித்திரை வெயிலில் அப்பா படுக்கையறையில் வெந்துபோகிறார் என்று நீ அங்கிருந்தே ஏசி வாங்கி அனுப்பினாய். அதை மாட்டுவதற்குக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சந்தீப்தான் பெரியவன், முப்பத்தைந்து வயதிருக்கும். வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பாவைக் காட்டி, மேஷோமஷாய் இந்த அறையில்தான் படுப்பாரா, காற்று நேராக மேலே அடிக்காமல் எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று என்னைக் கேட்டான். சுவரில் ஓட்டை போடும் சத்தம் தாங்காமல் அப்பா எழுந்து பாத்ரூம் போனார். கூட வருகிறேன் என்றால் அவருக்குக் கோபம் வரும், உனக்குத் தெரியாததா. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் தடாலென்று ஒரு சத்தம். நான் கதவைத் தட்டுகிறேன், உள்ளே முனகல் மட்டும் கேட்கிறது, தள்ளினால் அசையவில்லை. இன்னொரு ஆள் குழாய் எடுத்துவரக் கீழே போயிருந்தான். சந்தீப் மெஷினைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, கதவின் ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, அந்த இடுக்கில் விரலை விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்தான். அப்பா கமோடுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கிடந்தார். வேட்டியெல்லாம் நனைந்து அசிங்கமாகியிருந்தது. என்னால் அவரைத் தூக்க முடியுமா? சந்தீப் முகத்தைச் சுளிக்காமல் அவர் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்தான். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வெந்நீர் மட்டும் வாங்கிக்கொண்டு அவனே குளிப்பாட்டி, வேட்டி மாற்றிக் கூட்டிவந்தான். உள்ளே அப்பா அழுவது எனக்குக் கேட்டது. சந்தீப் ஏதோ கால்பந்து மேட்சைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகுதான் போய் மிச்ச வேலையை முடித்தான். அடுத்து வேலைக்குப் போக வேண்டிய வீட்டிலிருந்து அவனுக்கு ஃபோன் வந்துகொண்டே இருந்தது, தாமதத்துக்கு ஃபோனிலேயே திட்டு வாங்கினான், அதையும் கேட்டேன்.

கிளம்பும்போது ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது, ஆனால் தயங்கினேன். அப்பா வேலையில் இருந்த காலத்திலிருந்தே யாருக்கும் இனாம் கொடுக்க மாட்டார். சம்பளம் வாங்குகிறவனுக்குத் தனியாக எதற்கு, நாம் கொடுத்துப் பழக்கினால் கொடுக்க முடியாத வீட்டில் அவன் முகத்தைத் திருப்புவான் என்பார். நீயும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்தானே. அந்த மனுஷர்தான் அன்றைக்குக் கட்டிலில் படுத்தபடியே இடது கையை நீட்டி, "குடு, பாகீ. அவனுக்குக் குடு" என்றார். கையில் ரொக்கம் இல்லை. சந்தீப் வேண்டாம் மாஷிமா, எங்கள் ஆபீசில் வாங்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னான். நான்தான் வற்புறுத்தி, வீட்டுக்கு மாம்பழம் வாங்கிக்கொண்டு போ என்று ஃபோனில் ஐந்நூறு ரூபாய் அனுப்பினேன்.

என் கணக்கின் பாங்கு தகவல் எப்போதும் போல் உன் மெயிலுக்குப் போனது. நீ பார்த்தபோது இங்கே நான் தூங்கியிருப்பேன், எழுப்ப வேண்டாம் என்று நினைத்தாய். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இலவசமாக மாட்டித்தர வேண்டிய ஏசிக்குப் பணம் பிடுங்கிவிட்டான் என்று கம்பெனிக்குப் புகார் எழுதினாய். உன் பயம் எனக்குப் புரிகிறது. காஸ் அடுப்பு ரிப்பேருக்கு வந்தவன் இல்லாத சாமானைப் போட்டதாகச் சொல்லி என்னை ஏமாற்றியதை நீ மறக்கவில்லை. மறுநாள் காலையில் அப்பா விழுந்ததையும், ஏசி மாட்ட வந்தவர் தூக்கியதையும் உன்னிடம் சொன்னேன். நீ பதறிப்போய் டாக்டர், ஸ்கேன் என்று ஓடினாய். அந்தப் பதற்றத்தில் புகார் உனக்கு மறந்துவிட்டது. பின்னால் கேட்டபோது, "அதையெல்லாம் யாரும்மா படிக்கப் போறான்னு நினைச்சேன்" என்றாய். படித்திருக்கிறார்கள், ரோஹிணி. படித்த அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இது தெரிந்தது ஏசியில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தபோதுதான். வேறொருவன் வந்தான். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஃபோனை அலமாரியில் நிறுத்தி, தான் செய்வதையெல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டே வேலை செய்தான். சந்தீப் வரவில்லையா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்து, உங்கள் வீட்டுப் புகாரால்தானே அவனுக்கு வேலை போயிற்று, உங்களுக்குத் தெரியாதா என்றான். அவன் போனதும் சந்தீப்பைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலம் அவனே கூப்பிட்டான். சண்டைக்கு வரவில்லை. "ஆமி தோ சாயினி, மாஷிமா" என்றான். நான் கேட்கவில்லையே என்று அவ்வளவுதான். பெஹாலாவில் ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் தினக்கூலிக்கு நிற்கிறானாம். அவன் குடியிருக்கும் இடத்தில் பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் அவன் பணம் பிடுங்கினான் என்றே தெரிந்திருக்கிறதாம். அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் கம்மியது.

அன்றே உன்னிடம் சொன்னேன், நீயும் உடனே புகாரைத் திரும்பப் பெற்று மெயில் அனுப்பினாய், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதிலே வரவில்லை. அதனால் போஸ் பௌதியை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு, இரண்டு ஆட்டோ மாறிப் பெஹாலாவில் இருக்கும் ஏசி கம்பெனி ஆபீசுக்கு நானே போனேன். அங்கே மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். பில் உங்கள் பெயரில் இல்லை, மகள் பெயரில்தான் இருக்கிறது, நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ள முடியாது என்றார். என் வீட்டில், என் கண் முன்னால் நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா என்று கேட்டேன். அவர் டீ வரவழைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: மாஷிமா, நீங்கள் அன்பாகக் கொடுத்தீர்கள், ஆனால் அடுத்த வீட்டில் கொடுக்கும்வரை நகராமல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், பென்ஷனில் காலம் தள்ளும் தனிக்கட்டைகள் பயந்துகொண்டு கொடுக்கிறார்கள், அதற்காகத்தான் இந்தச் சட்டம் என்று. அவர் சொன்னது அப்பா இத்தனை வருஷமாகச் சொன்னதேதான். ஏசி மாட்டியதற்காக நான் எதுவும் கொடுக்கவில்லை, என் புருஷனைக் குளிப்பாட்டியதற்குக் கொடுத்தேன், அதற்கு உங்கள் கம்பெனியில் ஏதாவது ரேட் உண்டா என்று மட்டும் கேட்டேன். அவர் உன் மெயிலைத் தேடி எடுத்து, மேலே யாருக்கோ ஃபோன் செய்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், கொடுத்தது தப்பு என்கிறார்கள் என்றேன். அவர் வெகு நேரம் வாயைக் கூட்டிக் கூட்டி, "என்னைத் தூக்கினது… அவன் வேலையா?" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் துடைத்துவிட்டேன்.

ரத யாத்திரைக்குப் பிறகு சந்தீப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இந்தப் பக்கம் இல்லை, ஊரின் மறுகோடியில் பாராசாத் பக்கம் போட்டிருக்கிறார்கள். பெஹாலாவிலிருந்து இருட்டோடு கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புகிறான். வேலை இல்லாத நாட்களுக்கு ஈடாக நீ பணம் அனுப்புகிறேன் என்றாயே, அதை அவனிடம் சொன்னேன். வேண்டாம் என்றான். உங்கள் மகள் தீதி ஒரு தடவை உங்களைக் கேட்டிருக்கலாமே மாஷிமா, நீங்கள் சொல்லியிருப்பீர்களே என்றான்.

ரோஹிணி, எனக்கும் அதுதான் வலி. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு மருந்து, டாக்டர், கரண்ட் பில் எல்லாவற்றையும் நீதான் பார்த்துக்கொள்கிறாய், உன்னைப்போல் யார் செய்வார்கள் என்று போஸ் பௌதியிடம் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் நம் வீட்டில் ஒன்று நடந்தால், நடந்தது என்ன என்று முதலில் இந்த வீட்டில் இருக்கிறவளைக் கேட்க வேண்டும். ஒரு தடவை ஏமாந்தேன் என்பதால் மனுஷாளை அடையாளம் தெரியாதவள் ஆகிவிட மாட்டேன். வேலைக்கு வருகிறவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்கு ஒரே பதிலாகச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் வேலைக்காகக் கொடுக்க வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது. டீயும் தண்ணீரும் எப்போதும் போல் உண்டு. வேலைக்கு மேல் ஒருவர் நமக்குச் செய்தால், கொடுப்பதா, எப்படிக் கொடுப்பது என்று நான் யோசித்து முடிவு செய்வேன். அது தப்பாகப் போனால் அதையும் நானே சுமப்பேன்.

அதனால் நேற்று மழை விட்ட நேரத்தில் பாங்குக்குப் போய், என் கணக்குத் தகவல் என் ஃபோனுக்கு மட்டும் வரும்படி மாற்றிவிட்டேன், பணம் அனுப்பும் ரகசிய நம்பரையும் புதிதாக வைத்துக்கொண்டேன். கோபத்தில் செய்யவில்லை. நீ கேட்டால் ஒவ்வொரு பைசாவுக்கும் சொல்வேன், மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் மதுவுக்கும் எல்லா மங்களமும் உண்டாகட்டும். குளிர் வருவதற்குள் குழந்தைக்கு ஸ்வெட்டர் அளவு எடுத்து அனுப்பு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று: சந்தீப்பின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. மெயில் வேண்டாம், பணம் வேண்டாம், நீயே கூப்பிட்டுப் பேசு. உனக்குத் தமிழைவிட பெங்காலி நன்றாக வரும். என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித்தரப் போவதில்லை.

என்றும் உன் நலம் நினைக்கும்
அம்மா
பாகீரதி சீதாராமன்