மீனுக்கு வண்ணம் தீட்டினேன்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. எல்லாரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அம்மா நலம்.

மூன்று வாரமாக நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அம்மாவிடமாவது "இருக்கேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தாய். நான்கு நாளாக அதுவும் இல்லை. விடுதிப் பொறுப்பாளர் அம்மாதான், "கடிதம் எழுதுங்க சார், நானே அவ கையில குடுக்கறேன்" என்றார். நீ சாப்பிட இறங்கி வருவதில்லை என்றும் சொன்னார். அதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

முதலில் அவர் பேசியபோது வேறு சொன்னார். இரண்டு தேர்வுக்கு நீ போகவில்லை, அறை முழுக்கக் கலர் காகிதத்தில் வெட்டி ஒட்டிய மிருகங்கள் என்றார். உடனே உன்னைக் கூப்பிட்டுக் கத்தினேன். "காலேஜ் போற பொண்ணு கத்திரிக்கோலும் பசையும் வெச்சு விளையாடுதா? எல்லாத்தையும் குப்பையில போடு." அன்றைக்கே எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டாயாம். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை என்று அப்போது எனக்குப் பெருமை வேறு.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன், பயப்படாதே. பத்து நாளைக்கு முன் வேலையில் நான் ஓட்டிய கிரேனின் இரும்பு வடம் அறுந்தது. தூக்கிய பளு அப்படியே கீழே விழுந்தது. கீழே நின்று கொக்கி மாட்டுகிற மாமா தண்ணீர் குடிக்க அப்போதுதான் நகர்ந்திருந்தார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் என் கை நடுக்கம்தான் நிற்கவே இல்லை. தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் பாதி சட்டையில்தான். மேலாளர் இரண்டு வாரம் விடுப்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் உட்கார்ந்தால் கண்ணை மூடியதும் அந்தச் சத்தம். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

ஒரு மத்தியானம் மின்சாரக் கட்டணச் சீட்டைத் தேடி உன் அலமாரியைக் குடைந்தேன். நீ சின்ன வயதில் வண்ணம் தீட்டிய புத்தகம் அகப்பட்டது. ஒரு மீனைப் பாதியில் விட்டிருந்தாய். சும்மா ஒரு செதிலுக்குப் பச்சை தீட்டினேன். அப்புறம் அடுத்தது. வால்வரை வந்த பிறகுதான் கவனித்தேன்; கை நடுங்கவில்லை. மறுநாளும் உட்கார்ந்தேன். ஆமை, படகு என்று ஆறு பக்கம் ஆகிவிட்டது.

அம்மா வரும் சத்தம் கேட்டு, திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிக்கும் பையனைப் போல நாளிதழை மேலே போட்டு மூடினேன். அவள் கண்ணுக்குத் தப்புமா? நாளிதழைத் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மக செஞ்சா தப்பு, அப்பா செஞ்சா வைத்தியமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் போனில் நீ ஒன்று சொன்னாய். "அப்பா, இதைச் செய்யும்போது மட்டும்தான் மூச்சு சீரா வருது." நான் அதைக் காதில் வாங்காமல் தேர்வைப் பற்றிக் கேட்டேன். மற்ற நேரமெல்லாம் உன் மூச்சு எப்படி இருந்தது, தங்கமே? எனக்கு அறுந்தது வடம். உனக்குள் எது அறுந்தது என்று நான் கேட்கவே இல்லை. கைக்குக் கிடைத்த ஒரு பிடியையும் நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் நானும் அம்மாவும் வருகிறோம். திட்ட வரவில்லை. தேர்வைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்க மாட்டேன். நீ பேச வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். வீட்டுக்கு வரலாம் போல இருந்தால் பையை மட்டும் எடுத்துக்கொள், காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். அதற்குள் மனசு ரொம்பக் கனத்தால், எந்த நேரமானாலும் பொறுப்பாளர் அம்மாவின் கதவைத் தட்டு. தட்டச் சொல்லி அவரும் சொல்லியிருக்கிறார்.

இது உன் கைக்கு வரும்போது இன்னும் இரண்டு நாள்தான் இருக்கும். ஒரு வாய் சாப்பிடு. நாங்கள் வந்து சேரும்வரை பத்திரமாக இரு கண்ணே, அது போதும்.

என்றும் உன்
அப்பா