பிரிக்காத பசை வாளி

ஃபாங்கரே,
ஞாயிற்றுக்கிழமை

தம்பி ரேவிக்கு அக்கா மிரியமா எழுதுவது.

பிரையோனியும் குட்டி கிரியும் என் வீட்டில் நலம். விமானத்தில் வந்த காதுவலி கிரிக்குப் போய்விட்டது. கோழிகளைத் துரத்துகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். நீ கேட்கவில்லை. ஆனாலும் பெற்றவனுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

உன் செய்தி வந்தது. "என் பொண்டாட்டி பிள்ளைய எங்கிட்டேருந்து பிரிச்சுட்டே. படகுக்கு ஒண்ணும் இல்லேன்னு காட்டறேன் பாரு. தனியாவே ஓட்டிக்கிட்டு வர்றேன்" என்று அனுப்பியிருந்தாய். அதன்பிறகு போனை எடுப்பதில்லை. அதனால்தான், தன் தங்கை கல்யாணத்துக்காக டோங்கா வரும் மெலேயிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உன் படகு நிற்கும் நெயாஃபு துறையில் உன்னைத் தேடிப்பிடித்து, நீ படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவள் உடம்பையும் குரலையும் நீ அறிவாய். ஓடப் பார்க்காதே.

யார் யாரைப் பிரித்தது என்று நான் சொல்கிறேன், கேள்.

அப்பா இறந்துபோன செய்தி வந்தபோது உன் படகு, நாம் படகு பழுதுபார்க்கும் கொட்டகையில் கிடந்தது. மிதந்துவந்த மரத்தில் மோதியதில் முன்பக்கம் வலப்புறம் தண்ணீர் இறங்கியிருந்தது. நாம் இரண்டு பேரும்தான் வெளி ஃபைபரை வெட்டி எடுத்தோம். நடுவில் இருந்த பால்சா மரம் ஊறிய ரொட்டிபோலக் கையோடு வந்தது. சுரண்டி எடுத்து, உள்பக்கத்தை உலர்த்தி, தேய்த்துச் சுரசுரப்பாக்கி, துடைத்தும் வைத்துவிட்டோம். புது நுரைப்பலகையை ஒட்டுவதுதான் பாக்கி.

அப்பாவின் துக்கத்துக்கு நான் ஹொக்கியாங்காவுக்குக் கிளம்பும்போது வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டேன். பின்னாலேயே வருவதாகச் சொன்னாய். மறுநாள் போனில், "பசையைக் கலந்துட்டேங்க்கா. இப்ப விட்டுட்டு வந்தா இறுகிப்போயிரும், எல்லாம் பாழ். நீ பாத்துக்கோ" என்றாய். நம்பினேன்.

நம் குலத்தார் கூடும் மராயே மண்டபத்தில் அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஹெமி சித்தப்பா எல்லார் முன்னாலும் கேட்டார். "ஒரே மகன் எங்கே? அப்பன் மேல இருந்த கோபம், அப்பன் செத்தும் தீரலையா?" சபை முழுக்க என்னைப் பார்த்தது. "கோபத்துல வராம இல்ல சித்தப்பா. பிள்ளை ஏறப்போற படகு. பசை கலந்துட்டான். பாதியில விட்டுட்டு எப்படி வருவான்? அப்பா உசிரோட இருந்தா அவரே, வேலைய முடிச்சுட்டு வாடான்னுதான் சொல்லியிருப்பாரு" என்றேன். அத்தைமார் தலையாட்டினார்கள். செத்த மனிதரைச் சாட்சிக்கு இழுத்து உனக்காகப் பேசினேன், ரேவி.

நான் திரும்பி வந்தபோது படகு தண்ணீரில் நின்றது. பெயிண்ட் பளபளத்தது. காற்று சாதகமாக இருக்கிறது என்று சொல்லி, பெண்டாட்டி பிள்ளையோடு டோங்காவுக்குக் கிளம்பிவிட்டாய். துக்கத்தில் நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை. போன மாதம் வேறொரு படகு பழுதுக்கு வருகிறது என்று கூட்டிப் பெருக்கப் போனேன். தார்ப்பாயின் அடியில் அந்தப் பசை வாளி இருந்தது. மூடியின் முத்திரை உடையவில்லை. பலகைமேல் போர்த்திக் காற்றை உறிஞ்சுவதற்கு வாங்கிய பிளாஸ்டிக் சுருளும் பிரிக்காமல் கிடந்தது.

வேறு பசை வாங்கியிருப்பாய் என்று நினைத்து உன்னைப் போனில் கேட்டேன். நீ சிரித்தாய். "ஓரத்துல மட்டும் ரெசின் தடவி அமுக்கிட்டேங்க்கா. மேல ஃபைபர் போட்டாச்சுல்ல, எங்கே போயிடும்?" என்றாய்.

எங்கே போகும் என்று உனக்குத் தெரியாதா? பலகையின் முழு முகமும் பசையில் உட்கார வேண்டும், அதில் கீறிய வெட்டுகள் வழியே பசை பிதுங்கி வர வேண்டும், இறுகும்வரை பம்பு ஓட வேண்டும். அப்போதுதான் உள்தோலும் பலகையும் வெளித்தோலும் ஒரே உடம்பாகும். இல்லையென்றால் ஒவ்வொரு அலைக்கும் மூன்றும் தனித்தனியாக ஆடும். ஆடி ஆடி ஒருநாள் பிளக்கும். இப்படி ஒட்டிய ஒருவனை நீ நம் கொட்டகையிலிருந்து சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். உன் மகள் படுப்பது அந்தப் பக்கம்தானடா! அவள் தலையணைக்கு அந்தப்புறம் கடல்.

பிரையோனியிடம் சொன்னேன். ஆமாம், உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். போய்விடு என்று சொல்லவில்லை. அவளே சுத்தியலின் மரப்பிடியால் படகை ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தாளாம். மற்ற இடமெல்லாம் கெட்டியாகக் கேட்ட சத்தம், அங்கே வந்ததும் காலிப் பெட்டிபோலக் கேட்டதாம். உன்னிடம் சுத்தியலை நீட்டி, "நீயே தட்டிப் பாரு" என்றாளாம். நீ கை நீட்டவில்லை. அன்றே டிக்கெட் போட்டாள். அவளை அனுப்பியது என் பேச்சு இல்லை, நீட்டாத உன் கை.

நேற்று பாத்திரம் துடைக்கும்போது அவள் சொன்னாள். "அண்ணி, நீங்க அங்கே இருந்த நாள்ல அவர் எதையுமே தொடலை. பலகைய மடியில வெச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டா தலை நிமிரலை. நீங்க திரும்பி வர்றீங்கன்னு தெரிஞ்சதும் பேய் புடிச்ச மாதிரி எல்லாத்தையும் மூடி முடிச்சுட்டார்."

இதைக் கேட்டால் என் கோபம் இறங்கும் என்று நினைத்தாள், பாவம். ஏறிவிட்டது. தரையில் உட்கார்ந்து அழத் தெரிந்தவனுக்கு அப்பா பக்கத்தில் வந்து அழத் தெரியாதா? படகை விற்றுவிட்டு நிலத்தைப் பார் என்று அவர் கத்தியது தப்புதான். நீ கதவை அறைந்துவிட்டுப் போனதும், அதற்குப்பின் இருவரும் பேசாததும் எனக்குத் தெரியும். "அவர் முகத்தைப் பாக்க முடியலக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அதையே சபையில் சொல்லியிருப்பேன். ஹெமி சித்தப்பாவே வண்டியெடுத்து வந்து உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பார். அதற்குப் பதிலாக ஒரு பொய்யை என் வாயில் வைத்து, அப்பாவின் காதுக்குப் பக்கத்திலேயே சொல்லவைத்தாய்.

இப்போது தனியாக ஓட்டி வந்து யாருக்கு எதைக் காட்டப்போகிறாய்? படகை அங்கேயே கரையேற்றி வை. புயல் மாதங்கள் கழிந்ததும் நான் வருகிறேன். அந்த இடத்தை வெட்டித் திறப்போம். உன்னைத் திட்டிக்கொண்டே ஒட்டுவேன், நீ கேட்டுக்கொண்டே பிடி. நீ இப்போது விமானம் ஏறி வா.

வரும் மே மாதம் சொந்தமெல்லாம் கூடி அப்பாவின் கல்லறைக் கல்லைத் திரை விலக்கித் திறக்கிறோம். ஹெமி சித்தப்பா கேட்பார். இந்த முறை உனக்காக நான் ஒரு சொல்லும் பேசமாட்டேன். நீயே பேசு. பேச வராவிட்டால் சும்மா நில். உன் தோள் என் தோளில் இடிக்கிற தூரத்தில் நான் நிற்பேன்.

நம் முன்னோர்கள் உனக்குக் காற்றுத் தர வேண்டாம். உன்னைக் கரையிலேயே பிடித்து வைக்கட்டும்.

கோபம் ஆறாத
உன் அக்கா
மிரியமா