சாம்பலுக்கு வந்த மரியாதை

வெள்ளி, ராத்திரி.

தூக்கம் வரல. எழுதிட்டாவது படுக்கலாம்.

சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணியைக் கேன்ல எடுத்துட்டு வந்து, இன்னிக்கு நம்ம ரைஸ் மில்லுலயே வடிகட்டிக் காட்டினேன். பாய்லர்ல எரிஞ்ச உமிச் சாம்பலைக் கழுவிக் காயவெச்சு, குழாய்ல அடைச்சிருந்தேன். மேல செக்கச்செவேல்னு ஊத்தினேன், கீழ தெளிவா சொட்டுச்சு. காலேஜ் லேப்ல எத்தனையோ தடவை பாத்ததுதான். ஆனா இன்னிக்கு எதிர்ல நின்னு பாத்தது நைனா.

நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததுலேர்ந்து அவருக்கு ஒரே பாட்டு: "உமி குத்தினா கைதான் நோவும், அரிசி வராது."

பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. "குடிக்கலாமா?"ன்னாரு.

"கூடாது நைனா. சாயம்தான் போயிருக்குது. மத்ததெல்லாம் டெஸ்ட் பண்ணணும்."

"உம்"னாரு. அவ்ளோதான். எனக்குச் சப்புனு ஆயிடுச்சு.

சாயந்தரம் டிரைவர் வழக்கம்போல சாம்பலை டிராக்டர்ல வாரிப் போட்டு, ஏரிக்கரைல கொட்டக் கிளம்பினாரு. நைனா கல்லாவிலேர்ந்தே கத்தினாரு: "யோவ், இன்னா குப்பைன்னு நெனச்சியா? எறக்கு. அது என் பொண்ணு சரக்கு!"

நெல்லையே கடிச்சுப் பாத்துட்டுத்தான் சரக்குன்னு ஒத்துக்கற மனுஷன்.

சாயம் குடிச்ச சாம்பலை அப்புறம் எங்க கொட்டுறதுன்னு எனக்கே இன்னும் தெரியல. நாளைக்கு அதைத்தான் கேப்பாரு. கேக்கட்டும்.

இப்போ தூறல் போடுது. ஜன்னல் வழியா மில்லுக் களத்தை எட்டிப் பாத்தேன். நெல்லுக்குப் போடுற தார்ப்பாயை நைனா என் சாம்பல் மேல இழுத்து மூடிக்கிட்டு இருக்காரு.