எல்லாரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள்

தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்ட என் அண்ணனுக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. நல்ல சேதியோடு எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். அது வருவதாகத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. நம் முகாமை மூடிவிடுவார்கள் போலிருக்கிறது.

காஹாங் ஊரில் செம்பனை மரங்களுக்கு நடுவே மூடிக் கிடந்த தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்து, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நீங்கள் பையன்களைச் சேர்க்க ஆரம்பித்தீர்கள். அன்றிலிருந்து நான்தான் சமையல். படிப்பை நிறுத்தியவன், கும்பலோடு சுற்றியவன், பெற்ற தாயையே கைநீட்டி அடித்தவன் என்று அம்மாக்கள் அழுதுகொண்டே கொண்டுவந்து விடுவார்கள். காலையில் ஓட்டம், கவாத்து, மதியம் பாடம், சாயங்காலம் பந்து. எல்லாம் அப்படியேதான் நடக்கிறது. கவாத்தை உங்கள் பட்டாளத்து நண்பர் மணியம் பார்த்துக்கொள்கிறார். பொறுப்பு மட்டும் என் தலையில். ஒருநாள் நான் அவரைப்போல மலாயில் ‘செடியா’ என்று கட்டளை கத்திப் பார்த்தேன். விறைத்து நிற்க வேண்டிய பயல்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள்.

பையன்கள் வெயிலில் மணல்மூட்டை சுமந்து ஓடுவதை யாரோ வீடியோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள். பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துகிறோமாம். ஊர் பேசியது. போன வாரம் அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா, ஒரு புவான், வந்தார். குறை சொல்ல முடியாத மனுஷி. படுக்கை, குளியலறை, அடுப்படி எல்லாம் பார்த்தார். என் மிளகாய்ச் சம்பாலைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்புறம் பையன்களை வரிசையாக நிற்கச் சொல்லி, மலாயில் மெதுவாகக் கேட்டார்: “யாருக்காவது வீட்டுக்குப் போகணுமா? பயப்பட வேண்டாம். போகணும்னா ஓர் அடி முன்னால வாங்க.”

பிரவின் வந்தான். உங்களுக்கு அவனைத் தெரியாது, புதுசு. பாசிர் கூடாங்கிலிருந்து அவன் அம்மா கொண்டுவந்து விட்டாள். “அக்கா, நான் நைட் ஷிப்ட் போயிட்டா இவன் எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாது. போலீஸ் போன் பண்ணாத்தான் தெரியும்லா,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். வந்ததிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் முன்னால் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அடுத்த நொடி, மொத்த வரிசையும் ஓர் அடி முன்னால் வந்தது. அத்தனை கால்களுக்கும் ஒரே சத்தம்.

நீங்கள் போட்ட சட்டம்தானே அண்ணா? ஒருத்தன் முன்னால் போனால் அவனைத் தனியாக நிற்கவிடக் கூடாது, எல்லாரும் போகணும் என்று. கண்ணாடி உடைந்தாலும் அப்படித்தான். குழம்பிலிருந்த கோழிக்காலைக் காணோம் என்று நான் கரண்டியோடு போய்க் கேட்ட அன்றும் அப்படித்தான். அத்தனை பேரும் திருடர்களாக முன்னால் வந்து நின்றார்கள். நான் பல்லைக் கடித்தேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். இந்தத் தடவை சிரிக்க யாரும் இல்லை. புவான் பேனாவைத் திறந்தார்.

“புவான், அது எங்க பழக்கம். முதல்ல வந்த பையன் தனியா நிக்கக் கூடாதுன்னுதான்...” என்று எனக்குத் தெரிந்த மலாயில் திக்கித் திணறிச் சொன்னேன்.

“உங்க பழக்கம் நல்ல பழக்கமா இருக்கலாம்,” என்றார். “ஆனா நான் கேட்டேன், அவங்க பதில் சொல்லிட்டாங்க.” புதன்கிழமை திரும்ப வருவாராம். ஒவ்வொருவனையும் அறைக்குள் தனியாக உட்கார வைத்துக் கேட்பாராம். நாங்கள் யாரும் உள்ளே போகக் கூடாது.

மணியம் அண்ணன் விடவில்லை. “சொல்லிக் கொடுத்துடலாம் வசந்தி. ‘இங்க இருக்கத்தான் பிடிக்குது’ன்னு ரெண்டு வாட்டி சொல்ல வெச்சா முடிஞ்சது,” என்கிறார். ஆசையாகத்தான் இருக்கிறது. பாதியிலேயே வீட்டுக்குக் கூட்டிப்போன கார்த்திக்கை மறக்க முடியுமா? பழைய கும்பல் அவனை வெட்டிப்போட்டது. அவன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நீங்களும் ஒருவர். இத்தனை பேரும் ஒரே நாளில் வெளியே போனால் எத்தனை பெட்டி தூக்க வேண்டிவரும்? தூக்க நீங்களும் இல்லையே.

நேற்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பிரவின் வந்து வாசற்படியில் நின்றான்.

“ஆண்டி, நான் நெசமாவே வீட்டுக்குப் போகணும்னுதான் முன்னால போனேன். இவங்க ஏன் வந்தாங்க?”

“நீ தனியா நிக்கக் கூடாதுன்னு.”

“என்னால கேம்ப மூடிடுவாங்களா?”

சாப்பிட்டியா என்று கேட்டு மழுப்பினேன். அவன் நகரவில்லை.

“நான் வேணும்னா பொய் சொல்றேன் ஆண்டி. இங்க புடிச்சிருக்குன்னு சொல்லிடுறேன்.”

வேண்டாம் என்று என் வாய் சட்டென்று சொல்லிவிட்டது. மனசு அவ்வளவு சீக்கிரம் சொல்லவில்லை. அவன் போன பிறகுதான் உண்மையான பயம் எனக்குப் பிடிபட்டது. அன்றைக்கு முன்னால் வந்த கால்களில் எது பிரவினுக்காக வந்தது, எது தனக்காகவே வந்தது? எனக்குத் தெரியாது அண்ணா. யாருக்கு உறைப்பு ஆகாது, யாருக்குக் கருவாடு உயிர் என்று எனக்குத் தெரியும். இங்கே இருக்க உனக்குப் பிடிக்கிறதா என்று நான் ஒருவனைக்கூடக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அழுகிற அம்மாக்களைப் பார்த்துப் பார்த்து, பையன்களைக் கேட்க மறந்துவிட்டோமா?

முகாம் பிழைக்க வேண்டும். சாமி முன்னால் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்து இதைக் காப்பாற்றினால், மறுநாள் எந்த முகத்தோடு அவர்களை வரிசையில் நிறுத்துவேன்?

உங்கள் சட்டத்தை ஒரே ஒரு நாள் மீறப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லாரையும் கூட்டி, “நாளைக்கு எவனும் எவனுக்காகவும் பேச வேணாம், அவனவன் மனசுல உள்ளதைச் சொல்லுங்க” என்று சொல்லப் போகிறேன். என் குரல் நடுங்கும். பரவாயில்லை.

இது சத்தியம் அண்ணா: ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். உள்ளே என்ன பேசினாய் என்று எவனையும் கேட்க மாட்டேன். புதன்கிழமை அந்த அறையிலிருந்து ‘போகணும்’ என்று சொல்லிவிட்டு வருகிறவனுக்கும் தட்டு நிறையச் சோறு போடுவேன், முகம் சுளிக்காமல்.

பயந்துகொண்டே உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்
உங்கள் தங்கை
வசந்தி