முறுக்காமல் வைத்த மஞ்சள் கோடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், என் வாய் என்னைவிட நலம். அங்கே மாப்பிள்ளை சமைக்க நீ குறை சொல்ல, இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்தது, முனகல் குறையவில்லை. இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நான் சிரித்து மழுப்பிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

உனக்கு வேலை கிடைத்த சேதி வந்த வாரம் தொழிற்சாலையில் என் கால் தரையில் இல்லை. என் வேலைதான் தெரியுமே, டிராக்டரின் பின்சக்கரத்து நட்டு எட்டையும் டக்கென்று சத்தம் வரும்வரை ரெஞ்சால் முறுக்கி, முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக மஞ்சள் கோடு போடவேண்டும். அன்றைக்குப் பக்கத்தில் நின்று வண்டிக்கு ரேடியோ மாட்டுகிறவளிடம் உன் பெருமை பேசியபடி கோட்டை முதலில் போட்டுவிட்டேன். சாப்பாட்டுச் சங்கு ஊதியது. திரும்பி வந்தால் கோடு இருக்கிறது, என் கைக்கோடுதானே என்று வண்டியை அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் பல் துலக்கும்போது உறைத்தது, அந்தச் சக்கரத்தில் டக் கேட்கவே இல்லை. கேட்காத அந்தச் சத்தம்தான் இப்போது காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. தெருவில் டிராக்டர் போனால் காய்கறிப் பையோடு பின்னால் ஓடுகிறேன், எனக்கு மறை கழன்றுவிட்டதாக ஊர் பேசுகிறது.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். ஏட்டைப் பார்த்து வண்டி போன இடத்தைக் கண்டுபிடித்து மெக்கானிக்கோடு என்னையும் அனுப்பினார். வயலில் ஓட்டுகிறவர், என்னக்கா, புது வண்டிக்கு அதுக்குள்ள வைத்தியமா என்று சிரித்தார். அவர் மனைவி அந்தச் சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். நட்டில் இரண்டைக் காணவே காணோம், மூன்றாவது என் விரலுக்கே சுழன்றது.

எட்டையும் முறுக்கிவிட்டுத் திரும்பி வந்ததும் சூப்பர்வைசர், அதான் முடிஞ்சுதுல்ல, வாயை மூடிட்டு வேலையைப் பாரு என்றார். எனக்கு முடியவில்லை மகளே. அந்த வாரம் முழுக்க உன் நினைப்பில் சிரித்துக்கொண்டுதானே கோடு போட்டேன், நூற்றுப் பன்னிரண்டு வண்டி. இன்று காலை மேனேஜரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் உன் வீட்டில் வந்து உட்காருவேன், மாப்பிள்ளையை எச்சரித்து வை. முப்பது பேருக்குத்தான் தகவல் போயிருக்கிறது. மற்றவர்கள் இந்த நேரம் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

நோய்நொடி அண்டாமல் இருவரும் நெடுநாள் வாழவேண்டும். ஒன்றை மறக்காதே, எங்கள் தொழிற்சாலையின் சிவப்பு டிராக்டர் உங்கள் பக்கமும் வருகிறது. புதிதாக ஒன்று ரோட்டில் போனால் வெட்கப்படாமல் மறித்து நிறுத்து. கோட்டைப் பார்த்து நம்பவேண்டாம், நட்டைக் கையால் திருகிப் பார்க்கச் சொல்.

இப்படிக்கு,
கோடு போட்ட உன் அம்மா