எந்த நாளிலிருந்து இருபத்திரண்டு

மார்ச் 4
சட்ட வரைவுப் பிரிவில் இன்றும் ஏசி ஓடவில்லை. குழு வேர்த்துக்கொண்டே விவாதித்தது: கருக்கலைப்புக்கு எத்தனை வாரம் வரை அனுமதி? ஒருவர் இருபது என்றார். இன்னொருவர் இருபத்துநாலு. "நடுவுல போடுங்கப்பா, பசிக்குது" என்றார் தலைவர். இருபத்திரண்டு. பதினோரு ஆண்கள். சாட்சி சொல்ல வந்த குழந்தை டாக்டரம்மா மட்டும், "அந்த வாரத்துலதான் சில பிள்ளைங்க வெளியே வந்தும் பிழைக்குது" என்றார். பிஸ்கட் தட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

மார்ச் 6
வரைவில் எழுதினேன்: வாரங்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படும். டாக்டர்கள் அப்படித்தான் எண்ணுகிறார்கள். கரு உண்டாவது அதற்கு இரண்டு வாரம் கழித்து. பிரிவு அலுவலர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.
"ஏம்மா, அமைச்சர் இதைச் சபையில வாய்விட்டு வாசிக்கணும். பொம்பளைங்க சமாச்சாரம்."
மசோதாவே பொம்பளைங்க சமாச்சாரம்தானே சார் — கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன், வீராங்கனை.

மார்ச் 20
நிறைவேறியது. மேசையைத் தட்டினார்கள். உடனடி அமல்.

ஏப்ரல் 7
அக்காவுக்கு ஸ்கேன். குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் இல்லை. பிறந்தால் ஒரு நாள் தாங்காதாம். "அது மூச்சுக்குத் திணறுறதை நான் உக்காந்து பாக்கணுமாடி?" என்றாள். ஆஸ்பத்திரிக் கணக்கில் இருபத்திரண்டு வாரம் நாலு நாள். சட்டத்தில் விதிவிலக்கு? அதற்குள் குழுவுக்குப் பசித்துவிட்டது.

ஏப்ரல் 8
ஆஸ்பத்திரி வக்கீல்: "இருபத்திரண்டுன்னு இருக்கு, எந்த நாள்லேருந்துன்னு இல்ல. அரசு எழுதிக் கொடுத்தா செய்றோம்."
கரு உண்டான நாளிலிருந்து எண்ணினால் அக்காவுக்கு இருபது வாரம்தான். நான் எழுதிய வரி நின்றிருந்தால் கதவு சாத்தியிருக்கும். அலுவலரின் வெட்கம் வாழ்க.

ஏப்ரல் 10
வக்கீலின் கடிதம் என் மேசைக்கே வந்தது. அலுவலர் கேட்டார்:
"நீதானே முதல்ல எழுதின. என்ன அர்த்தத்துல எழுதின?"
"கரு உண்டான நாள்லேருந்து சார்."
பச்சைப் பொய். டைப் அடித்ததில் ஒரு பிழை இல்லை.
"இது கௌரவமா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 13
முடிந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

ஜூன் 2
என் பதில் சுற்றறிக்கையாகி எல்லா ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறது. டாக்டரம்மா பிரிவுக்குள் புகுந்து கத்தினார். "எந்தப் புண்ணியவான் எழுதினது? ரெண்டு வாரத்தைத் தூக்கிக் குடுத்துட்டீங்களே! எங்க கணக்குல இப்ப இருபத்துநாலு வரைக்கும் கலைக்கலாம். வார்டுக்கு வந்து பாருங்க." அலுவலர் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் போனேன்.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெண் குழந்தை. என் முழங்கை நீளம்கூட இல்லை. நர்ஸ் துணி மாற்றிக்கொண்டே சிரித்தாள்: "இருபத்துமூணு வாரத்துல வந்தவ. இன்னிக்கு இருபதாம் நாள். சரியான ரோஷக்காரி, ட்யூபைப் புடுங்கிப் போடுறா."
விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.
வந்த அன்று, என் சுற்றறிக்கைப்படி, இருபத்தொன்று.