தட்டில் விழுந்த மஞ்சள்

பிப்ரவரி 18, செவ்வாய்

முயல் ஆன்டிபாடி ஒருவழியாக வந்து சேர்ந்தது. சுண்டுவிரல் நீளக் குப்பி, அடியில் ஒரு சொட்டு. இதற்குத்தான் மாதக்கணக்கில் நடையாய் நடந்தேன்.

இரத்தப் புற்றுநோய்க்குத் தம்பிக்குப் போடும் ஊசிகளில் ஒன்று, பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் நொதி. புற்றணுக்களுக்கு வேண்டிய தீனியை இரத்தத்திலேயே அழித்து அவற்றைப் பட்டினி போடும். ஆனால் சிலர் உடம்பு சத்தமே போடாமல் மருந்தை முறித்துவிடும். காய்ச்சல் இல்லை, தடிப்பு இல்லை, ஊசி மட்டும் வீண். அதனால்தான் ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் நோயாளியின் இரத்தம் எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறது. அந்த மருந்துக்கு எதிராக முயலின் இரத்தத்தில் உண்டாக்கி எடுத்த இந்த ஆன்டிபாடி, மருந்தைக் கண்டால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். குழித்தட்டில் மஞ்சள் நிறம் விழும்.

பழைய சோதனை அரை நாளைத் தின்னும். மருந்து வேலை செய்யும்போது கிளம்பும் அம்மோனியாவை அளக்க வேண்டும். வராந்தாவில் யாராவது மருந்துத் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போச்சு, அதிலிருக்கும் அம்மோனியாவும் கணக்கில் சேர்ந்துவிடும். அதை மூட்டை கட்டிவிடலாம் என்று ஆய்வகத் தலைவி பெரிய மேடத்திடம் மல்லுக்கட்டியது நான்தான். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

தம்பிக்கு மூன்றாவது ஊசி.

மார்ச் 14, வெள்ளி

அவன் குழி பளிச்சென்று மஞ்சள்! குழாயில் எண் மட்டும்தான் இருக்கும். அவன் எண் எனக்கு மனப்பாடம். பெரிய மேடம் கையெழுத்துப் போட்ட கையோடு போன் செய்தேன்.

"அப்போ நான் பாஸா?" என்றான்.

"டிஸ்டிங்ஷன்டா!"

மார்ச் 17, திங்கள்

தம்பி வீடே கலகலப்பாக இருக்கிறது. போன இரண்டு ஊசிக்கும் வாந்தி எடுத்துத் தலையைத் தூக்காமல் கிடந்தவன், இந்த முறை முட்டை கேட்டு வாங்கித் தின்கிறான். அவன் மனைவி என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "அண்ணி, வெளியில சொல்லாதீங்க, கண்ணு பட்டுடும்" என்றாள். சிரித்தேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. இந்த ஊசி போனால் இரத்தத்தை உறைய வைக்கும் புரதம் குறையும். போன இரண்டு முறையும் குறைந்தது. இந்த முறை அசையவே இல்லை. ரிப்போர்ட் ஜம்மென்று இருக்கிறது என்று வார்டு டாக்டருக்கு ஒரே சந்தோஷம். நல்லதுதானே? அப்புறம் எனக்கு ஏன் இப்படி இருக்கிறது?

மார்ச் 18, செவ்வாய்

சும்மா இரு. மஞ்சள்தான் விழுந்திருக்கிறதே.

மார்ச் 20, வியாழன்

எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் இருக்கிறார். எதையும் மறந்துவிடுவார் என்பதால் அவருக்கு ஞாபகசாலி என்று பெயர். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மருந்துக் குப்பியை ஃபிரிட்ஜில் வைக்காமல் சூடான அடுப்புப் பெட்டியின் மேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மருந்து வெந்தே போயிருக்கும். பிடி பிடியென்று பிடித்தேன்.

"விடுங்க மேடம், குப்பையில போட்டுடறேன்."

"இருங்க, செத்த மருந்து எப்படி இருக்கும்னு பார்ப்போம்" என்று இன்றைய தட்டில் சும்மா கிடந்த குழியில் ஒரு சொட்டு விட்டேன். விளையாட்டாகத்தான்.

மஞ்சள். நல்ல மருந்துக்கு விழும் அதே மஞ்சள், இம்மி குறையவில்லை.

"பாத்தீங்களா, ஒண்ணும் கெடல!" என்று ஞாபகசாலிக்கு வாயெல்லாம் பல்.

ஆன்டிபாடிக்கு மருந்தின் முகம் தெரியும். அவ்வளவுதான். அது உயிரோடு இருக்கிறதா, வேலை பார்க்கிறதா — தெரியாது. இது எனக்குத் தெரியாததா? பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவதானே நான்? ஐயோ, டிஸ்டிங்ஷன்னு சொன்னேனே அவன்கிட்ட... வாய் கூசாம சொன்னேனே...

மார்ச் 21, வெள்ளி

பெரிய மேடத்திடம் சொன்னேன். திட்டு விழும் என்று நின்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நானும்தானேம்மா கையெழுத்து போட்டேன்" என்றார். "மிச்ச ரத்தம் ஃபிரீஸர்ல இருக்கில்ல? பழைய டெஸ்ட்ட ஓட்டு. ஒருத்தர் விடாம எல்லாருக்கும்."

துப்புரவு அக்காவிடம், "இன்னிக்கு மட்டும் துடைக்காதீங்கக்கா" என்று கெஞ்சினேன்.

"குப்பையா கிடந்தா என்னைத்தான் கேப்பாங்க" என்று முணுமுணுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியோடு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். வேறு யாரையும் துடைக்க விடவில்லை.

மற்றவர்களுக்கெல்லாம் சரியாக வந்தது. ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் அம்மோனியா துளிகூட இல்லை. திரும்பவும் ஓட்டினேன். இல்லை. மருந்து உள்ளேதான் இருக்கிறது. அவன் உடம்பு அதன் வாயைக் கட்டி உட்கார வைத்திருக்கிறது.

அவனோடது.

மார்ச் 22, சனி

நேரில் போய்ச் சொன்னேன். அம்மா வெடித்தாள். "இப்பத்தான் ரெண்டு வாய் சாப்பிடறான். அது பொறுக்கலையாடி உனக்கு?"

தம்பி மட்டும் தலையைத் தூக்கி, "அப்போ நான் ஃபெயிலாக்கா?" என்றான்.

"நீ இல்லடா. நான்."

மார்ச் 24, திங்கள்

டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார். வேலை அதேதான், ஆனால் வேறொரு பாக்டீரியாவின் நொதி. அவன் உடம்பு இதுவரை பார்க்காதது. இதையும் முறித்துவிட்டால்? கேட்டேன். "பார்ப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 26, புதன்

அம்மா என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 31, திங்கள்

புது ஊசிக்குப் பிறகு எடுத்த இரத்தத்தில் இரண்டு சோதனையும் ஓட்டினேன். என் தட்டில் அவன் குழி வெறும் தண்ணீராக இருந்தது. முயலுக்கு இந்தப் புது பாக்டீரியாவைத் தெரியாது, அதனால் மஞ்சள் விழாது என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். பிறகு பழைய சோதனை — அம்மோனியா ஏறியது. ஏறிக்கொண்டே போனது. பெரிய மேடம் என் தோளைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

போன் செய்தேன். எடுத்தவுடனே கத்தினான். "காலையிலேர்ந்து வாந்தி. தண்ணிகூட நிக்கல. இப்போ சந்தோஷமா உனக்கு?"

"சந்தோஷம்தான்டா" என்றேன்.

பதிலுக்கு ஏதோ சொல்ல வந்தவன் பாதியில் குளியலறைக்கு ஓடினான். போனை அணைக்கவில்லை. அவன் குமட்டுகிற சத்தத்தைக் கடைசி வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.